சான்றிதழ் இருந்தும் அரங்கு இல்லை: சமூக ஆவணப்படத் திரையிடல்கள் எங்கே தடுக்கப்படுகின்றன?

புது தில்லி: தில்லி பல்கலைக்கழகத்தின் கிரோரி மால் கல்லூரியில் 2015-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1-ஆம் தேதி ‘முசாஃபர்நகர் பாக்கி ஹை’ என்ற ஆவணப்படத்தின் திரையிடல் நிறுத்தப்பட்டது. 2013-ஆம் ஆண்டு முசாஃபர்நகர் கலவரம் குறித்து நகுல் சிங் சாஹ்னி இயக்கிய அப்படம் மத உணர்வுகளைப் புண்படுத்துவதாகக் கூறி, அகில பாரதிய வித்யார்த்தி பரிஷத் (ஏபிவிபி) அமைப்பினர் எதிர்ப்புத் தெரிவித்ததே அதற்குக் காரணம்.

ஒரு கல்லூரி வளாகத்தோடு முடிந்திருக்க வேண்டிய அச்செய்தி, ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தை எட்டியது. திரையிடல் தடுக்கப்பட்டதைக் கண்டித்து அங்குள்ள அம்பேத்கர் மாணவர் சங்கத்தினர் போராட்டம் நடத்தினர். அடுத்த சில நாள்களில் அவர்களுக்கும் ஏபிவிபி நிர்வாகி ஒருவருக்கும் இடையே மோதல் மூண்டது, விசாரணைகள் தொடர்ந்தன, தலித் ஆராய்ச்சி மாணவர்கள் ஐவர் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் ஒருவரான ரோஹித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார்.

திரையிடல் ஒன்றே இத்தனைக்கும் காரணம் என்று கூறிவிட முடியாது. யாகூப் மேமனின் தூக்குத் தண்டனைக்கு எதிரான போராட்டம் உள்ளிட்ட வேறு சர்ச்சைகளும் அப்போது வளாகத்தில் இருந்தன. எனினும், உயர்கல்வியில் சாதி குறித்து நாடு தழுவிய விவாதத்தைக் கிளப்பிய நிகழ்வுத் தொடரில், ஒரு படத்தைப் பார்க்கும் உரிமையும் ஒரு கண்ணியாக இருந்தது என்பது மறக்கப்பட்டுவிட்டது.

ரோஹித்தின் மரணத்திற்குப் பின் எழுந்த மாணவர் போராட்டங்களைத் தீபா தன்ராஜ் ‘வி ஹேவ் நாட் கம் ஹியர் டு டை’ (2018) என்ற ஆவணப்படமாகப் பதிவு செய்தார். அதற்கு முந்தைய ஆண்டு, திருவனந்தபுரத்தில் கேரள மாநிலச் சலச்சித்ர அகாதெமி நடத்திய சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழாவில் மூன்று படங்களுக்குத் தணிக்கை விலக்கு அளிக்க மத்திய தகவல், ஒலிபரப்பு அமைச்சகம் மறுத்தது. ஒன்று ரோஹித் வெமுலா பற்றியது. மற்றொன்று ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக மாணவர் போராட்டம் பற்றியது. மூன்றாவது காஷ்மீர் பற்றியது. மூன்றில் இரண்டு, கல்வி வளாகங்களைப் பேசிய படங்கள்.

வேட்டியும் புரொஜெக்டரும்

வணிகத் திரையரங்குகள் ஆவணப்படங்களுக்கு இடம் தருவது அரிது. ஒரு காலத்தில் நிலைமை நேர்மாறாக இருந்தது. 1948-இல் தொடங்கப்பட்ட ஃபிலிம்ஸ் டிவிஷன் தயாரித்த செய்திப் படங்களையும் ஆவணப்படங்களையும் முதன்மைப் படத்திற்கு முன்பாகக் காட்டியாக வேண்டும் என்பது திரையரங்குகளுக்கான விதி. அணைக்கட்டுகளையும் அமைச்சர்களின் திறப்பு விழாக்களையும் பார்த்துக் கொட்டாவி விட்ட தலைமுறை இன்றும் நம்மிடையே இருக்கிறது. அரசு பேசிய ஆவணப்படத்திற்கு அரங்கு தானாகவே கிடைத்தது. அரசைக் கேள்வி கேட்ட ஆவணப்படம் அரங்கைத் தானே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

2004-ஆம் ஆண்டு மும்பை சர்வதேசத் திரைப்பட விழாவில் பங்கேற்கும் இந்தியப் படங்களுக்கு மட்டும் தணிக்கைச் சான்றிதழ் கட்டாயம் என்று அறிவிக்கப்பட்டது. ஆவணப்பட இயக்குநர்கள் ஒன்றுதிரண்டு எதிர்த்ததால் அந்த நிபந்தனை கைவிடப்பட்டது. ஆயினும் பல முக்கியப் படங்கள் விழாவுக்குத் தேர்வாகவில்லை. விடுபட்டவற்றைக் கொண்டு அதே நாள்களில் மும்பையிலேயே ‘விகல்ப்’ என்ற மாற்று விழா நடத்தப்பட்டது.

2006-இல் உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூரில் ஜன் சன்ஸ்கிருதி மஞ்ச் தொடங்கிய ‘பிரதிரோத் கா சினிமா’ இன்னொரு படி மேலே சென்றது. அரசு நிதி, நிறுவன நிதி எதுவும் பெறுவதில்லை. பார்வையாளர்களிடம் துண்டேந்தித் திரட்டும் நன்கொடையே முதலீடு என்பது அதன் கொள்கை. லக்னோ, பாட்னா, நைனிடால், உதய்பூர் எனச் சிறு நகரங்களுக்கும் அது பரவியது. சாஹ்னி தொடங்கிய ‘சல்சித்ர அபியான்’, மேற்கு உத்தரப் பிரதேசக் கிராமங்களைச் சேர்ந்த இளைஞர்களுக்கே படமெடுக்கப் பயிற்சி அளித்து, அப்படங்களை அதே கிராமங்களில் திரையிட்டு வருகிறது.

இத்தகைய திரையிடலுக்குத் தேவைப்படுவது ஒரு புரொஜெக்டர், ஒரு ஒலிபெருக்கி, சுவரில் கட்ட ஒரு வெள்ளை வேட்டி. படம் முடிந்த பின் நடக்கும் கலந்துரையாடல் பல நேரங்களில் படத்தைவிட நீளமானது. பள்ளியில் தனி வரிசையில் அமர்த்தப்பட்ட பிள்ளையின் தாய் எழுந்து நின்று தன் ஊரின் பெயரைச் சொல்லிப் பேசத் தொடங்குவது அங்கேதான். கைப்பேசியில் தனியே பார்க்கும்போது அது நிகழ்வதில்லை. தடை கோருவோர் அஞ்சுவதும் அந்தப் பேச்சையே எனலாம்.

கூடாரமும் ஓர் ‘இடம்’

1952-ஆம் ஆண்டு திரைப்படச் சட்டத்தின்படி, சான்றிதழ் பெறாத படத்தைப் பொதுவில் காட்டுவது மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். ஆனால் ‘பொதுத் திரையிடல்’ எது என்பதை அச்சட்டம் வரையறுக்கவில்லை. ‘இடம்’ என்ற சொல்லுக்கு மட்டும் விளக்கம் உண்டு: வீடு, கட்டடம், கூடாரம், ஊர்தி ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். இருபது மாணவர்கள் விடுதி அறையில் கூடிப் பார்ப்பது பொதுத் திரையிடலா, இல்லையா? விடையை முடிவு செய்வது பெரும்பாலும் பதிவாளரும் காவல் ஆய்வாளருமே.

அப்படியானால் சான்றிதழ் பெற்றுவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமா? ஆனந்த் பட்வர்தனின் ‘ராம் கே நாம்’ (1992) ‘யு’ சான்றிதழும் தேசிய விருதும் பெற்ற படம். நீதிமன்ற உத்தரவின்பேரில் தூர்தர்ஷனிலேயே ஒளிபரப்பானது. அப்படத்தை 2019 ஆகஸ்ட் மாதம் அதே ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் திரையிட்டபோது, காவல்துறையினர் உள்ளே வந்து மாணவர்களைப் பிடித்துச் சென்றனர். 2024 ஜனவரியில் ஹைதராபாத் நகரிலும் அப்படத்தின் திரையிடல் பாதியில் நின்றது.

தமிழ்நாட்டு அனுபவமும் வேறுபட்டதன்று. மனிதக் கழிவை மனிதரே அகற்றும் அவலம் குறித்து திவ்யபாரதி இயக்கிய ‘கக்கூஸ்’ (2017) படத்தைத் திரையிடப் பல ஊர்களில் காவல்துறை அனுமதி மறுத்தது. இயக்குநர் படத்தை யூடியூபில் வெளியிட்டார்.

சட்டம் ஒழுங்கு கெடும் என்பதே எல்லா இடங்களிலும் கூறப்படும் காரணம். கலவரம் மூண்டால் பொறுப்பேற்க வேண்டியவர்கள் என்ற முறையில் அதிகாரிகளின் அச்சத்தை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இதற்கு உச்ச நீதிமன்றம் 1989-லேயே விடையளித்துவிட்டது. அவ்வழக்குக்கு அடிப்படையான படம் தமிழ்ப் படம் என்பதும், அது பேசியது கல்வி, வேலைவாய்ப்பு இடஒதுக்கீட்டைப் பற்றியே என்பதும் பலர் அறியாதவை.

‘ஒரே ஒரு கிராமத்திலே’ படம் இடஒதுக்கீட்டுக் கொள்கையைத் தாக்குவதாகக் கூறி வழக்கு தொடரப்பட்டது; சென்னை உயர் நீதிமன்றம் அதன் ‘யு’ சான்றிதழை ரத்து செய்தது. மேல்முறையீட்டில், எஸ். ரங்கராஜன் எதிர் பி. ஜெகஜீவன் ராம் வழக்கில், உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. ஆர்ப்பாட்டம் நடக்கும், வன்முறை நிகழும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துச் சுதந்திரத்தை நசுக்க முடியாது. எதிர்ப்பாளர்களைக் கட்டுப்படுத்த இயலவில்லை என்று அரசு கைவிரிக்கக் கூடாது என்பது அத்தீர்ப்பின் சாரம். சமூகநீதிக்கு எதிரானது என்று குற்றஞ்சாட்டப்பட்ட படத்திற்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பை, சமூகநீதியைப் பேசும் படங்களை எடுப்போர் இன்று மேற்கோள் காட்ட வேண்டியிருப்பது ஒரு முரண்.

2023-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், சான்றிதழின் பத்தாண்டுக் கால வரம்பை நீக்கியது. ‘யு/ஏ’ பிரிவை 7, 13, 16 வயது வாரியாகப் பிரித்தது. திருட்டுப் பதிவுக்குத் தண்டனையைக் கடுமையாக்கியது. சிறு திரையிடல்கள் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. தணிக்கை முடிவுகளுக்கு எதிராக முறையிட இருந்த தீர்ப்பாயமோ 2021-இல் கலைக்கப்பட்டுவிட்டது. இப்போது உயர் நீதிமன்றத்துக்கே செல்ல வேண்டும். துண்டேந்தித் திரட்டிய பணத்தில் படம் காட்டுவோருக்கு அது எளிய வழியன்று.

இன்னொரு தடைக்கு அரசும் பொறுப்பன்று, போராட்டக்காரர்களும் பொறுப்பல்லர். இந்திய ஆவணப்படங்கள் பலவற்றுக்கு ஆங்கிலத்தில் மட்டுமே வசன வரிகள் இருக்கின்றன. அவை வெளிநாட்டு விழாக்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த மாணவர்களின் துயரத்தைப் பேசும் ஓர் இந்திப் படத்தைத் தமிழ் கிராமத்திலோ, ஒரு தெலுங்குப் படத்தை ஒடிசாவிலோ காட்டினால், அந்த மாணவர்களின் பெற்றோர் அதைப் படித்துப் புரிந்துகொள்ள இயலாது. ஒருவர் திரைக்கு அருகில் நின்று, மைக்கைப் பிடித்து, வரிக்கு வரி மொழிபெயர்த்துச் சொன்னால்தான் உண்டு.