வாஷிங்டனில் கையெழுத்து, ஐதராபாத்தில் பூட்டு!

அம்மையார்குப்பத்துத் தறி ஓசைக்கும் வாஷிங்டன் வெள்ளை மாளிகைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பர். தொடர்பு உண்டு, சொல்கிறோம்.

இந்தியாவில் திருநங்கையருக்கென எழுந்த முதல் மருத்துவ நிலையம் 'மித்ர்'. 2021-ல் ஐதராபாத்தில் அமெரிக்க நிதியுதவியுடன் தொடங்கியது. ஹார்மோன் சிகிச்சை, மனநல ஆலோசனை, எச்.ஐ.வி. சோதனை எல்லாம் ஒரே கூரையின்கீழ்! வாயிலில் வரவேற்றோரும் திருநங்கையரே. 2025 ஜனவரியில் அமெரிக்கா அயல்நாட்டு உதவியை நிறுத்திற்று. நிலையத்திற்குப் பூட்டு விழுந்தது! பிறகு டாட்டா அறக்கட்டளையின் துணையோடு வேறு பெயரில் மீண்டும் திறந்தது. மகிழ்கிறோம். ஆனால், ஒருவர் கருணையில் திறக்கும் கதவு, இன்னொருவர் கோபத்தில் மூடாதா?

"இதற்கு இவ்வளவு பேச்சா?" என்போர் கணக்கைப் பார்க்கட்டும். 2021 கண்காணிப்பின்படி, நாட்டின் பொதுமக்களில் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 2 பேரிடம் எச்.ஐ.வி.; திருநங்கையரிடமோ நூற்றுக்கு ஏறத்தாழ 4 பேரிடம்! பிறவிக் குற்றமா இது? இல்லை. வீடு விரட்டிற்று, வேலை மறுத்தனர், வீதி வாழ்வானது. அதன் விளைவு!

சோதனைக்கு வா என்றால் வரத் தயங்குவர். தாம் விரும்பும் உடலுக்கான சிகிச்சை அங்கேயே கிடைக்குமென்றால் தாமே வருவர். வந்தவர் சோதனையும் செய்துகொள்வர். தனித்தனியே வைத்தால் என்ன நடக்கும்? ஹார்மோன் கடைத்தெருவில், மருத்துவர் அறியாமல். எச்.ஐ.வி. மாத்திரை இன்னோரிடத்தில். மருந்தோடு மருந்து மோதுமோ என்றஞ்சி, உயிர்காக்கும் மாத்திரையையே கைவிடுவோர் உண்டு. மருத்துவர் மேற்பார்வையில் இரண்டையும் சேர்த்தே உட்கொள்ளலாம் என்று எடுத்துச் சொல்ல ஆள் வேண்டாமா?

2008-ல் திருநங்கையர் நல வாரியம் கண்டது தமிழகம். அரசு மருத்துவமனையில் இலவச அறுவை சிகிச்சையும் தந்தது. பெருமைதான். 2019 மையச் சட்டமும், ஹார்மோன் சிகிச்சைக்கும் எச்.ஐ.வி. கண்காணிப்பு மையங்களுக்கும் அரசே பொறுப்பென்று எழுதிற்று. ஏட்டில் எழுதியது எல்லைப்புறத்து ஊருக்கு எட்ட வேண்டாமா? அம்மையார்குப்பத்திலிருந்து திருத்தணி, அங்கிருந்து ரயிலேறிச் சென்னை என்று அலைந்தால், ஒருநாள் கூலி போயிற்று; மறுமுறை வர மனமும் போயிற்று.

ஆகவே கேட்கிறோம்: திருத்தணி அரசு மருத்துவமனையில், வாரம் ஒரு நாளேனும், ஒரே அறையில் இவையனைத்தும் கிடைக்கட்டும். திருநங்கையரே அங்கு ஊழியராகட்டும். செலவு அரசின் வரவு செலவுத் திட்டத்தில் இடம்பெறட்டும். அயலார் கைநாட்டை நம்பி அல்ல!

போராடி 1960-ல் திருத்தணி மண்ணை மீட்டோம். அம்மண்ணின் மக்களை விட்டுவிடலாமா?