தவணையும் கோப்பையும்

கரோனா பொது முடக்கத்தால் ஏறத்தாழ 40 நாள்கள் மூடிக் கிடந்த தலைநகர் தில்லியின் மதுக்கடைகள், 2020 மே 4-ஆம் தேதி மீண்டும் திறக்கப்பட்டன. கடைகளின் முன் திரண்ட கூட்டத்தைக் கட்டுப்படுத்தக் காவல் துறை திணறியது. மறுநாளே தில்லி அரசு, மதுவின் சில்லறை விலையில் 70 சதவீதத்தைச் 'சிறப்பு கரோனா கட்டணம்' என்ற பெயரில் கூடுதலாக விதித்தது. அந்த விலையைக் கொடுத்து வாங்கவும் வரிசை நின்றது.

அதே வாரங்களில் வங்கிகளிடம் வேறொரு வரிசை நின்றுகொண்டிருந்தது. கடன் தவணைகளைத் தள்ளிவைக்க 2020 மார்ச் 27-ஆம் தேதி ரிசர்வ் வங்கி மூன்று மாத அவகாசம் அளித்தது. பின்னர் அது ஆகஸ்ட் இறுதிவரை நீட்டிக்கப்பட்டது. வேலையையும் ஊதியத்தையும் இழந்தவர்களுக்கு அந்த அவகாசம் உயிர்மூச்சாக இருந்தது. ஆனால், தவணை நின்றதே தவிர வட்டி நிற்கவில்லை.

இவ்விரு வரிசைகளிலும் நின்றவர்கள் ஒரே மனிதர்கள் என்று சொல்வது அநியாயம். எனினும், நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றின் வரவு செலவுக் கணக்கில் வீட்டுக்கடன் தவணையும் மதுச் செலவும் ஒரே பக்கத்தில்தான் இடம் பெறுகின்றன. ஒன்று தவிர்க்க முடியாத சுமையாகவும், மற்றொன்று கணக்கில் கொள்ளத் தேவையில்லாத சில்லறையாகவும் கருதப்படுகிறது. அந்தச் சில்லறை அந்தச் சுமையை எவ்வளவு குறைக்கக் கூடும் என்பதைக் கூட்டிப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே.

கூட்டிப் பார்ப்பது கடினமன்று. முப்பது லட்சம் ரூபாய் வீட்டுக்கடனை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளில் அடைக்க ஒருவர் ஒப்புக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 26,035 ரூபாய். முதல் மாதத் தவணையில் 21,250 ரூபாய் வட்டிக்குப் போகிறது. அசலில் கழிவது 4,785 ரூபாய் மட்டுமே. ஐந்து ஆண்டுகளில் அவர் 15.62 லட்சம் ரூபாய் கட்டி முடித்திருப்பார். அப்போதும் அவர் பெயரில் சுமார் 26.44 லட்சம் ரூபாய் கடன் நிலுவையில் இருக்கும். இருபது ஆண்டுகளின் முடிவில் அவர் செலுத்தியிருக்கும் மொத்தத் தொகை ஏறத்தாழ 62.48 லட்சம். அதாவது, ஒரு வீட்டுக்காக அவர் இரண்டு வீட்டின் விலையைக் கொடுத்திருப்பார்.

இப்போது அதே மனிதர் முதல் மாதத்திலிருந்தே தவணையுடன் 3,000 ரூபாயைக் கூடுதலாகச் செலுத்துகிறார் என்று கொள்வோம். அந்தத் தொகை முழுவதும் அசலில் கழிகிறது. அசல் குறைவதால் அடுத்த மாத வட்டியும் குறைகிறது. இருபது ஆண்டுக் கடன் சுமார் 15 ஆண்டுகள் 7 மாதங்களில் முடிந்துவிடும். ஏறத்தாழ நாலரை ஆண்டுத் தவணைகள் மிச்சம். வட்டியில் எட்டு லட்சம் ரூபாய்க்கும் மேல் மிச்சம். மாதந்தோறும் இயலாதவர், போனஸ் வரும்போது ஆண்டுக்கு ஒரு தவணையை மட்டும் கூடுதலாகக் கட்டினாலும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் குறையும். 42 வயதில் கடன் வாங்கிய அரசு ஊழியர் ஒருவர் 60 வயதில் ஓய்வு பெறும்போது, இன்னும் இரண்டு ஆண்டுத் தவணையை ஓய்வூதியத்திலிருந்து கட்டப் போகிறாரா, அல்லது வீட்டுப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓய்வு பெறப் போகிறாரா என்பதை நிர்ணயிப்பது இந்த மூவாயிரம்தான்.

இதற்குச் சட்டத் தடை ஏதுமில்லை. மாறும் வட்டி விகிதத்தில் தரப்பட்ட வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைப்பவர்களிடம் அபராதம் வசூலிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 ஜூன் மாதமே வங்கிகளுக்கு உத்தரவிட்டுவிட்டது. தனிநபர்கள் பெறும் மாறும் வட்டிக் கடன்களுக்கு இந்தப் பாதுகாப்பை மேலும் விரிவாக்கி 2025 ஜூலையில் வெளியான நெறிமுறைகள், 2026 ஜனவரி 1 முதல் வழங்கப்படும் கடன்களுக்குப் பொருந்துகின்றன. கடன் முழுவதும் அடைக்கப்பட்ட 30 நாள்களுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதியும் 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ளது.

உரிமை இருக்கிறது, ஆனால் அதை எடுத்துச் சொல்வதில் கடன் கொடுப்பவருக்கு என்ன ஆதாயம்? கடன் எவ்வளவு காலம் நீடிக்கிறதோ அவ்வளவுக்கு வட்டி வருவாய் நீடிக்கிறது. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ வட்டி விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6.50 சதவீதமாக உயர்ந்தபோது, பலருடைய தவணைத் தொகை உயரவில்லை; தவணைக் காலம் ஓசையின்றி நீண்டது. தங்கள் ஒப்புதலோ உரிய அறிவிப்போ இல்லாமல் காலம் நீட்டிக்கப்பட்டதாகக் கடன்தாரர்களிடமிருந்து புகார்கள் வந்ததை ரிசர்வ் வங்கியே ஒப்புக்கொண்டது. தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, ஒரு பகுதியை முன்கூட்டியே அடைப்பதா என்று தேர்வு செய்யும் வாய்ப்பைக் கடன்தாரருக்குத் தர வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் அது அறிவுறுத்த நேர்ந்தது. 2025-ஆம் ஆண்டில் ரெப்போ விகிதம் நான்கு முறை குறைக்கப்பட்டு, டிசம்பரில் 5.25 சதவீதத்தை எட்டியது. அதனால் வட்டி குறைந்தவர்கள், தவணைத் தொகையைக் குறைத்துக்கொள்ளாமல் பழைய தொகையையே கட்டி வந்தால், கூடுதலாக ஒரு பைசா செலவின்றிக் கடன் காலம் சுருங்கும்.

அந்த மூவாயிரம் ரூபாய்க்கு எங்கே போவது என்ற கேள்வி எழுவது இயல்பு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் விடை வேறு. வாரந்தோறும் உணவகத்தில் சாப்பிடுவது, பார்க்காத தொலைக்காட்சி அலைவரிசைகளுக்குச் சந்தா கட்டுவது, பழையது நன்றாக இருக்கும்போதே புதிய செல்லிடப்பேசி வாங்குவது என்று பல இனங்கள் உண்டு. மது அருந்தும் பழக்கமுள்ள குடும்பத் தலைவருக்கு மட்டும் விடை கண்முன்னே நிற்கிறது. வாரக் கடைசியில் 1,500 ரூபாய் செலவிடுபவர் மாதத்துக்கு 6,000 ரூபாய் செலவிடுகிறார். அதை அவர் பாதியாகக் குறைத்தால் கிடைப்பது சரியாக அந்த மூவாயிரம். அடியோடு விட்டுவிடச் சொல்லும் உபதேசம் அல்ல இது. பாதிக் கோப்பைக்கும் நாலரை ஆண்டுத் தவணைக்கும் இடையே உள்ள கணக்கு.

நாடு முழுவதற்குமான கணக்கும் கவலை தருவதாகவே உள்ளது. 2022-23-ஆம் ஆண்டின் தேசிய குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, கிராமப்புறக் குடும்பங்களின் மாதச் செலவில் வெற்றிலை பாக்கு, புகையிலை, போதைப் பொருள்களின் பங்கு 3.79 சதவீதம், கல்வியின் பங்கு 3.30 சதவீதம். 2011-12-இல் முன்னது 3.21 சதவீதமாகவும் பின்னது 3.49 சதவீதமாகவும் இருந்தன. பத்தாண்டுகளில் இரண்டும் இடம் மாறிக்கொண்டன. நகரங்களில் கல்விச் செலவின் பங்கு இன்னும் கூடுதல்தான் என்றாலும், அங்கும் போதைப் பொருள்களின் பங்கு ஏறி, கல்வியின் பங்கு இறங்கியிருக்கிறது. அதே 2022-23-இல் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் சுமார் 5 சதவீதமாகச் சரிந்தது. பல பத்தாண்டுகளில் காணாத சரிவு அது.

உடல் நலக் கணக்கு தனி. மது புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே வகைப்படுத்திவிட்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று மதுவில் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவுபடுத்தியது. மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துவதாகவும், அவர்களில் 5.7 கோடிப் பேருக்கு மதுவால் ஏற்பட்ட சிக்கலிலிருந்து மீள உதவி தேவைப்படுவதாகவும் கூறியது. பழக்கத்துக்கு முற்றிலும் அடிமையானவர்கள் மருத்துவ உதவியின்றித் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். அவர்களுக்குத் தேவை சிக்கனப் பாடமன்று, சிகிச்சை. அமைச்சகத்தின் 14446 என்ற கட்டணமில்லா உதவி எண் அவர்களுக்காகத்தான் இருக்கிறது.

குடிமக்களுக்குச் சிக்கனத்தைக் கற்பிக்கும் தகுதி அரசுகளுக்கு உண்டா? மதுவிலக்குக்கு முயற்சி செய்ய வேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு வழிகாட்டுகிறது. ஆனால், 2017-இல் சரக்கு மற்றும் சேவை வரி அமலானபோது மதுவை அதற்கு வெளியே வைத்துக்கொள்வதில் எல்லா மாநிலங்களும் ஒன்றுபட்டு நின்றன. காரணம் வருவாய். தமிழகத்தில் 2003 முதல் சில்லறை விற்பனையையே அரசு நிறுவனம் நடத்துகிறது. தில்லியில் 2021 நவம்பரில் தனியாரிடம் விடப்பட்ட விற்பனை, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற அளவுக்குப் போய், 2022 ஆகஸ்ட் இறுதியில் முடிவுக்கு வந்தது. செப்டம்பர் முதல் மீண்டும் அரசு நிறுவனங்களே கடை விரித்தன. கொள்கை மாறியதே தவிர, கடையிலிருந்து கஜானாவுக்குப் போகும் வழி மாறவில்லை.

மதுவிலக்குச் சட்டங்களின் வரலாறும் ஊக்கமளிப்பதாக இல்லை. ஆந்திரத்தில் நெல்லூர் மாவட்டப் பெண்கள் 1992-இல் தொடங்கிய சாராய எதிர்ப்புப் போராட்டத்தின் விளைவாக 1995-இல் முழு மதுவிலக்கு வந்தது, 1997-இல் தளர்த்தப்பட்டது. ஹரியாணாவில் 1996-இல் வந்த மதுவிலக்கு 1998-இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. 2016 முதல் மதுவிலக்கு அமலில் உள்ள பிகாரில், சாரண் மாவட்டத்தில் மட்டும் 2022 டிசம்பரில் கள்ளச்சாராயம் பல உயிர்களைக் குடித்தது. அந்தப் பெண்கள் கேட்டது வீட்டுக்கு வர வேண்டிய கூலி வீட்டுக்கு வர வேண்டும் என்பதைத்தான். சட்டம் வந்தும் போயும் அந்தக் கோரிக்கை அப்படியே நிற்கிறது.

முன்கூட்டியே கடனை அடைப்பது புத்திசாலித்தனமா என்று கேட்பவர்களும் உண்டு. வருமான வரிச் சலுகை போய்விடும் என்பது ஒரு வாதம். பழைய வரி முறையில், தாம் குடியிருக்கும் வீட்டுக்கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரைதான் கழிவு. 30 சதவீத வரி செலுத்துபவருக்கும் அதனால் மிஞ்சுவது 60,000 ரூபாயைச் சற்றே தாண்டும். அதற்காக இரண்டரை லட்சம் வட்டி கட்டுவதை லாபம் என்று எப்படிச் சொல்வது? புதிய வரி முறையில் அந்தக் கழிவும் இல்லை. பங்குச் சந்தையில் போட்டால் அதிகம் கிடைக்கும் என்பது மற்றொரு வாதம். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அடைத்த அசலின் மீது மிச்சமாகும் வட்டியில் அந்த ஐயத்துக்கு இடமில்லை. தவிரவும், கோப்பையில் போகும் மூவாயிரம் எந்தச் சந்தையிலும் முதலீடாவதில்லை.

நிதானமும் தேவை. கிரெடிட் கார்டு நிலுவை, நகைக்கடன், தனிநபர் கடன் போன்ற அதிக வட்டிக் கடன்கள் இருப்பவர் அவற்றைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். சில மாதச் செலவுக்கான கையிருப்பும் மருத்துவக் காப்பீடும் இல்லாமல், உள்ள பணம் முழுவதையும் வீட்டுக்கடனில் போட்டுவிட்டு, அவசரத்துக்குக் கந்து வட்டிக்குப் போவது சிக்கனமாகாது. அன்றாடக் கூலியில் அன்றாடம் உண்பவர்களிடம் சிக்கனம் பேசுவது கொடுமை. அவர்களுக்கு வேண்டியது ஊதியம்.

நாடாளுமன்றம் கூடும் ஒவ்வொரு முறையும் வங்கிகளின் வாராக்கடன் பற்றி அவையில் கேள்விகள் எழுகின்றன. ஒழுங்காகக் கட்டி வரும் கடன்தாரர் பற்றியும் உறுப்பினர்கள் ஒரு கேள்வி எழுப்பலாம். மாதம் ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கட்டினால் எத்தனை மாதங்கள் குறையும், எவ்வளவு வட்டி மிஞ்சும் என்பதைக் கடன் கணக்கு அறிக்கையிலேயே, அவரவர் மொழியில், அச்சிட்டுத் தர வேண்டும் என்று வங்கிகளுக்கு விதி வகுப்பதில் என்ன தடை? மது வருவாயில் ஒரு குறிப்பிட்ட பங்கை மறுவாழ்வு மையங்களுக்கு ஒதுக்க மாநிலங்களை ஏன் வலியுறுத்தக் கூடாது? இரண்டுக்கும் ஆகும் செலவு சொற்பம்.

அதுவரை குடும்பங்கள் காத்திருக்கத் தேவையில்லை. நீண்ட கடனில் வங்கிக்கு ஆதாயம். நிறைந்த கோப்பையில் அரசுக்கு ஆதாயம். இரண்டையும் குறைப்பதில் ஆதாயம் பெறுவது அந்தக் குடும்பம் மட்டுமே. எனவே, அந்தக் கணக்கைப் போட வேண்டியதும் அந்தக் குடும்பம்தான்.