தட்டுக்கு அடியில் ஒரு 'உர்ர்ர்'

அம்பத்தூர் சித்தப்பா வீட்டுப் பரணிலிருந்து தாத்தாவின் ரெக்கார்டு பிளேயரை இறக்கினோம். டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 எம்.கே.2; 1979-ல் வெளிவந்த மாடல். பெல்ட் கிடையாது, மோட்டாரே தட்டை நேரடியாகச் சுற்றும்.

பாட்டு வந்தது. கூடவே 'உர்ர்ர்' என்று ஓர் இரைச்சல். "ஊசி போயிருக்குமோ சித்தப்பா?" என்றேன்.

"ஊசி போனா கரகரன்னு கேட்கும். முதல்ல எர்த் வயரைப் பாரும்மா."

பின்பக்கம் தொங்கிக்கொண்டிருந்த வயரை ஆம்ப்ளிஃபயரில் முடுக்கியதும் முக்கால்வாசி இரைச்சல் போச்சு. செலவு பூஜ்ஜியம்!

மிச்சத்துக்குக் காரணம், தட்டுக்கு அடியிலேயே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர். அதைக் கழற்றித் தனிப்பெட்டியில் போட்டுத் தள்ளிவைப்பது ஆர்வலர்கள் பலரும் செய்யும் மாற்றம். இதே கம்பெனி, எஸ்.பி.10 எம்.கே.2 மாடலில் பவர் சப்ளையைத் தனிப்பெட்டியாகவே கொடுத்தது. பழைய கண்டென்சர்களையும் அப்போதே மாற்றிவிடலாம்.

ஆனால், உள்ளே வருவது 230 வோல்ட். விவரம் தெரிந்த மெக்கானிக்தான் திறக்கணும். ஜப்பானில் விற்ற செட் என்றால் 100 வோல்ட். நம்ம பிளக்கில் நேராகச் சொருகினால் கதை முடிந்தது.

சித்தப்பா மெக்கானிக்கைக் கூப்பிடவில்லை. "கொஞ்சம் இருக்கட்டும்மா. அப்பா பாட்டு போட்டப்பவும் இந்த உர்ர்ர் இருந்துச்சு."