வளைந்த அகல மானிட்டர் வாங்கலாமா?

32 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டர்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதன்பின், தர்மபுரியில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும் நண்பர்கள் பலர், "கேம் ஆட 34 அங்குல கர்வ்டு மானிட்டர் எடுக்கலாமா?" என்று கேட்கிறார்கள்.

முதலில் உங்கள் கிராபிக்ஸ் கார்டைப் பாருங்கள். ஃபுல் எச்டி திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள். 3440 × 1440 ரெசல்யூஷன் உள்ள 34 அங்குலத் திரையில் 49.5 லட்சம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கார்டுக்கு இரண்டரை மடங்கு வேலை! சாம்சங் 2020இல் வெளியிட்ட 49 அங்குல ஒடிசி ஜி9 திரையிலோ 73.7 லட்சம். வரியில் மிச்சமாகும் பணம் புதிய கார்டு வாங்கக் காணாது.

அங்குலக் கணக்கிலும் ஏமாறாதீர்கள். மூலைக்கு மூலை அளப்பதால், 34 அங்குல அகலத் திரையின் உயரம் சாதாரண 27 அங்குலத் திரையின் உயரம்தான், சுமார் 13 அங்குலம். பக்கவாட்டில் மட்டுமே கூடும். கார் ரேஸ் கேம்களுக்கு அது அருமை. பழைய கேம்கள் பலவற்றில் இரு ஓரமும் கறுப்புப் பட்டைதான்.

1000ஆர் என்பது 1000 மி.மீ. ஆரமுள்ள வட்டத்தின் வளைவு. எண் குறையக் குறைய வளைவு அதிகம். அது நேர் எதிரே உட்காரும் ஒருவருக்கானது. வீட்டில் எல்லோரும் சேர்ந்து படம் பார்க்க ஏற்றதல்ல. ஆட்டோகேட் பழகுபவருக்கு நேர்கோடே வளைந்து தெரியும்.

ரேஸ் கேம்தான் உயிர் என்பவர்கள் 34 அங்குலம் எடுக்கலாம். மற்றவர்களுக்கு 2560 × 1440 உள்ள 27 அங்குலத் தட்டைத் திரை போதும் என்பேன். மீதியைக் கார்டில் போடுங்கள். கடைக்குப் போகுமுன் மேஜையை அளந்துகொள்ளுங்கள். 34 அங்குல மானிட்டர் சுமார் 32 அங்குல அகலம் பிடிக்கும்.