பழைய வேனும் 19 மாதக் கணக்கும்

பொங்கலுக்கு இன்னும் நான்கே நாள். விடியற்காலை நாலரை மணிக்கு மாமாவின் அழைப்பு.

“மாப்ளே, வண்டி நின்னுபோச்சு. இன்ஜின் ஓடுது, ஆனா வண்டி நகர மாட்டேங்குது.”

தேக்காவில் மாமாவுக்குச் சின்ன மளிகைக்கடை உண்டு. பாசிர் பாஞ்சாங் மொத்தவிற்பனை நிலையத்தில் காய்கறி ஏற்றிக்கொண்டு ஆயர் ராஜா விரைவுச்சாலையில் வந்துகொண்டிருந்த வேன், சுமையோடு மேட்டில் ஏறும்போது திணறி, ஓரத்தில் ஒதுங்கிவிட்டது. கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, வாழைத்தார் எல்லாம் உள்ளே.

விரைவுச்சாலையில் வண்டி நின்றால், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வாகனம் அருகிலுள்ள குறிப்பிட்ட கார்நிறுத்துமிடம் வரை இலவசமாக இழுத்துச் செல்லும். பலருக்கு இது தெரியாது. பதற்றத்தில் கண்ட எண்ணையெல்லாம் அழைத்துக் காசை விடுவார்கள். எங்கள் வேனும் அப்படித்தான் சாலையை விட்டு இறங்கியது. அங்கிருந்து பட்டறைக்குக் கொண்டுபோகும் செலவு மட்டும் நம்முடையது.

கணக்கு எழுதுவது என் தொழில். வண்டியைப் பற்றி எனக்குத் தெரிந்தது எண்ணெய் நிரப்புவது மட்டும்தான். ஆனாலும் “இதுக்கு மேல இதுல காசு போடலாமா, இல்ல ஸ்க்ராப்புக்குத் தள்ளிடலாமா?” என்று மாமா கேட்டபோது, இது மெக்கானிக்கிடம் மட்டும் கேட்டு முடிவு செய்கிற கேள்வி இல்லை என்று தோன்றியது.

பிளேட்டின் விலையா, கூலியா?

கிளட்ச் என்பது இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தும் பிரித்தும் வைக்கிற ஏற்பாடு. மிதியை அமுக்கினால் பிரியும், விட்டால் சேரும். சேரும்போது உராய்வதால், பிரேக் கட்டை தேய்வதுபோல் கிளட்ச் பிளேட்டும் தேயும். முழுக்கத் தேய்ந்தால் இன்ஜின் உறுமும், சக்கரத்துக்கு வேகம் போகாது. ‘ஸ்லிப் ஆகிறது’ என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான்.

பிளேட் ஒன்றும் பெரிய விலை இல்லை. ஆனால் அதை எட்ட வேண்டுமானால் கியர்பாக்ஸையே கீழே இறக்க வேண்டும். அதனால்தான் ரசீதில் கூலியும் உதிரிபாகமும் ஏறக்குறையச் சரிபாதியாக நிற்கின்றன.

முதலில் கேட்ட பட்டறையில், வண்டியைப் பார்க்காமலேயே “கியர்பாக்ஸோடு சேர்த்து 2,400 வெள்ளி” என்றார்கள். இரண்டாவது பட்டறைக்காரர் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டுத் தாளில் பிரித்து எழுதிக் கொடுத்தார்: பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் சேர்ந்த செட் 380 வெள்ளி; ஃப்ளைவீலைக் கடைந்து சமன்செய்ய 130; கூலி 350. மொத்தம் 860. இது எங்கள் வேனுக்குச் சொன்ன விலை. வண்டிக்கு வண்டி மாறும். ஆனால் இப்படிப் பிரித்து எழுதித் தராத இடத்தில் சாவியைக் கொடுக்காதீர்கள்.

தாள்தான் ஆயுளைச் சொல்கிறது

சென்னை புதுப்பேட்டையில் இதே பழுது வந்திருந்தால் பேச்சு வேறு மாதிரி இருந்திருக்கும். அங்கே தனியார் காரின் பதிவு 15 ஆண்டு. அதன் பிறகும் தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தைந்து ஆண்டாக நீட்டலாம். கிளட்ச் போட்டால் அது தேயும்வரை ஓடும்.

சிங்கப்பூரில் 1990 மே மாதத்திலிருந்து வண்டியின் ஆயுளை வாகன உரிமைச் சான்றிதழ்தான் நிர்ணயிக்கிறது. முதலில் 10 ஆண்டு. பிறகு, கடைசி மூன்று மாதங்களின் சராசரி விலையைக் கட்டிப் புதுப்பிக்கலாம்: முழுத் தொகைக்கு 10 ஆண்டு, பாதித் தொகைக்கு 5 ஆண்டு. ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தால் அதோடு சரி, மறுபடி நீட்ட முடியாது. 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான சான்றிதழே 106,000 வெள்ளியைத் தொட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். வண்டியைவிடச் சான்றிதழ் விலை உயர்ந்த ஊர் இது.

மாமாவின் வேன் ஐந்தாண்டுப் புதுப்பிப்பில் ஓடுகிறது. மீதி 19 மாதம். ஆக, ‘13 வயது வண்டிக்கு 860 வெள்ளியா?’ என்பது சரியான கேள்வி இல்லை. ‘19 மாத ஓட்டத்துக்கு 860 வெள்ளியா?’ என்று கேட்க வேண்டும். மாதத்துக்கு ஏறக்குறைய 45 வெள்ளி. கடைக்கு அன்று அவசரமாக எடுத்த வாடகை வேனுக்கு ஒரு நாளைக்கே 80 வெள்ளி கொடுத்தோம். மாத வாடகை விசாரித்தால் 1,200 வெள்ளிக்குக் கீழே எவரும் பேசவில்லை.

இப்போதே பதிவை ரத்து செய்தால், பயன்படுத்தாத மாதங்களுக்குரிய சான்றிதழ்த் தொகை திரும்பக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் மறுநாள் காலை காய்கறி ஏற்ற வேறு வண்டி வேண்டுமே!

கிளட்ச் ஒன்றை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவதும் தவறு. பத்து வயதைத் தாண்டிய சரக்கு வேனை ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதனைக்கு அனுப்ப வேண்டும். பத்து வயதைத் தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் சோதனை. சாலை வரியிலும் 10 விழுக்காட்டில் தொடங்கி 50 விழுக்காடு வரை கூடுதல் கட்டணம். எனவே பட்டறைக்காரரிடம் இன்னொன்றும் கேட்டோம்: “அடுத்த சோதனைல இந்த வண்டி தேறுமா? வேற என்ன காத்திருக்கு?” அவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, “டயர் ரெண்டு மாத்தணும். மத்தபடி பயமில்ல” என்றார். அதன் பிறகுதான் மாமா தலையசைத்தார்.

யார் கால்மேல் பழி?

சிக்கல் அங்கே முடியவில்லை. “ரெண்டு வருசத்துல இது ரெண்டாவது கிளட்ச். எப்பப் பாரு கிளட்ச்மேலயே காலை வச்சு ஓட்டுறான். பாதிக் காசை அவன் சம்பளத்துல பிடிக்கணும்” என்றார் மாமா. ஓட்டுநர் அண்ணன் பக்கத்தில்தான் நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை.

வேலை நியமனச் சட்டம் அதற்கு அப்படி இடம் கொடுப்பதில்லை. சேதத்துக்காகச் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமானால் தவறு ஊழியருடையதாக இருக்க வேண்டும். விளக்கம் சொல்ல அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும். அப்போதும் ஒரு மாதச் சம்பளத்தின் 25 விழுக்காட்டுக்கு மேல் பிடிக்கக் கூடாது. இதைச் சொன்னதும் மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் பட்டறையிலிருந்து அழைப்பு. “கழட்டிட்டோம், வந்து பாருங்க.” போனோம். பிளேட் முழுக்க எண்ணெய். இன்ஜினின் பின்பக்க ஆயில் சீல் கசிந்து, சொட்டுச் சொட்டாகப் பிளேட்டில் இறங்கியிருக்கிறது. எண்ணெய் பட்ட பிளேட் வழுக்கும், சூடாகும், கருகும். “டிரைவர் எப்படி ஓட்டினாலும் இது நிக்காது. போன தடவை கிளட்ச் மாத்தினப்பவே சீலையும் மாத்தியிருக்கணும்” என்றார் மெக்கானிக். சீலும் கியர் எண்ணெயும் சேர்த்து இன்னும் 90 வெள்ளி. ஆக மொத்தம் 950. மாதத்துக்கு 50 வெள்ளி.

கடைக்குத் திரும்பியதும் மாமா மேசை டிராயரில் பழைய ரசீதைத் தேடி எடுத்தார். இரண்டு வருடத்துக்கு முந்தையது, வேறொரு பட்டறையுடையது. மற்ற வரிகளுக்கு நடுவே ‘ஆயில் சீல்’ என்று எழுதி, அதன்மேல் ஒரு கோடு. அந்தக் கோட்டைப் போடச் சொன்னது மாமாதான். “அதெல்லாம் வேணாம், பிளேட்டை மட்டும் மாத்துங்கன்னு நான்தான் சொன்னேன்” என்றார் மெதுவாக.

அன்று மிச்சப்படுத்திய சில்லறைதான் இன்று 950 வெள்ளியாகத் திரும்பி வந்திருக்கிறது. கியர்பாக்ஸை இறக்கும் கூலியை ஒரு முறை கொடுத்துவிட்டால், உள்ளே இருக்கும் சீல், பேரிங் போன்ற சின்னச் சாமான்களையும் சேர்த்து மாற்றிவிடுவதே சிக்கனம். தனியாக மாற்ற வேண்டி வந்தால் அதே கூலியை மறுபடியும் அழ வேண்டும்.

அதேபோல் மறுபக்கமும் உண்டு. 19 மாதம் ஓடப்போகிற வண்டிக்கு விலை கூடிய செட் தேவையில்லை. சான்றிதழ் முடிகிற நாளில் கிளட்சும் வண்டியோடு சேர்ந்து ஸ்க்ராப்புக்குத்தான் போகும். அந்த நாளைத் தாண்டி உழைக்கிற பொருளுக்குக் கொடுக்கிற பணம் வீண். சீலில் மிச்சம் பிடிக்காதீர்கள். பெயரில் மிச்சம் பிடியுங்கள்.

வாங்குமுன் ஒரு சோதனை

பழைய மேனுவல் காரோ வேனோ வாங்க நினைக்கும் இளையர்களுக்கு ஒரு வார்த்தை. வண்டிக்கு முன்னால் ஆளில்லாத சமதளத்தில், கைபிரேக்கை இறுக்கிப் போட்டு, மூன்றாவது கியரில் வைத்து, கிளட்சை மெல்ல விடுங்கள். இன்ஜின் உடனே அணைந்தால் நல்லது. அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தால் கிளட்ச் செலவு வாசலில் நிற்கிறது என்று பொருள்; அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். கிளட்ச் மிதியே இல்லாத கார்தானே என்று நிம்மதி கொள்ளவும் வேண்டாம். சில ஆட்டோ கார்களுக்குள் இரட்டைக் கிளட்ச் இருக்கிறது. பழுதானால் செலவு இதைவிடக் கூடுதல்.

பலமாடி கார்நிறுத்துமிடத்தின் சரிவில் நிற்கும்போது ‘ஹாஃப் கிளட்ச்’சில் வண்டியைத் தாங்கிப் பிடிக்காமல், பிரேக்கில் நிறுத்துங்கள். அந்த ஒரு பழக்கமே பிளேட்டுக்கு ஆயுள் கூட்டும்.

போகிக்கு முதல் நாள் வேன் திரும்பி வந்தது. விடியற்காலை கரும்பு இறக்கி முடித்த ஓட்டுநர் அண்ணனுக்கு மாமா தேநீர் வாங்கிக் கொடுத்தார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. ஆனால் புது ரசீதை அண்ணனிடம் நீட்டி, “இத நீயே பத்திரமா வச்சுக்கப்பா. அடுத்த தடவை பட்டறைக்கு நீயும் வா, என்ன மாத்துறாங்கன்னு கூட நின்னு பாரு” என்றார். அண்ணன் சிரித்துக்கொண்டே அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.