மணி அடித்தால் யார் எடுப்பது?

ஐந்து பேர் வேலை செய்யும் காரியாலயத்தில் ஒரு பொது டெலிபோன் இருக்கிறது. அதை எடுக்க ஐந்து பேர் இருக்கிறார்கள் என்று வெளியிலிருந்து கூப்பிடுகிறவர் நினைக்கிறார். உள்ளே இருக்கும் ஐவரில் ஒவ்வொருவரும், எடுப்பதற்குத்தான் மற்ற நால்வர் இருக்கிறார்களே என்று நினைக்கிறார்கள். மணி அடித்து அடித்து ஓய்ந்துவிடுகிறது. ஆண்டிகள் கூடி மடம் கட்டிய கதைதான். கூப்பிட்டவர் யாரோ? பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்குமா என்று கேட்க வந்த தகப்பனாராக இருக்கலாம். மூன்று மாதமாய் வராத பென்ஷனைப் பற்றி விசாரிக்கத் துணிந்த பாட்டியாராகவும் இருக்கலாம். அந்தத் துணிச்சல் மறுநாளும் வரும் என்பது என்ன நிச்சயம்?

ஆகவே, ஒரு டெலிபோனைப் பலர் பொதுவில் வைத்துக்கொள்ளும் வித்தையைப் பற்றி இந்த வாரம் சற்று ஆராய்வோம். "இது யந்திர சாஸ்திரம் ஆயிற்றே, உபாத்தியாயருக்கு இதில் என்ன வேலை?" என்று நேயர்கள் கேட்கலாம். இந்த விஷயத்தில் பாதிதான் யந்திரம். மற்றப் பாதி, எந்தக் காரியத்துக்கு யார் பொறுப்பு என்னும் பழைய கேள்வி. வகுப்பறையில் கரும்பலகையைத் துடைப்பது யார் முறை என்று தினந்தோறும் தீர்ப்புச் சொல்லும் எங்களுக்கு அந்தக் கேள்வி புதிதல்ல.

பழைய செப்புக் கம்பிக் காலத்தில் பொது டெலிபோன் சுலபமான சங்கதி. ஒரே கம்பியை மானேஜர் மேஜைக்கும் காரியதரிசி மேஜைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஒருவர் எடுத்தால் மற்றவரின் கருவியில் சிறு விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் 'அவர் பேசுகிறார், நீ தொடாதே' என்று அர்த்தம். இப்போது காரியாலயங்களில் பரவிவரும் இணைய டெலிபோனிலோ அப்படிப் பொதுவான கம்பி கிடையாது. பேசுகிறவரின் குரலை வினாடிக்கு 8,000 தடவை அளந்து, அந்த அளவுகளை எண்களாக்கி, சாதாரணமாக வினாடிக்கு 50 சிறு பொட்டலங்களாகக் கட்டி, கம்ப்யூட்டர்களுக்கு உள்ள அதே வலையில் அனுப்பிவிடுகிறார்கள். யார் யாரைக் கூப்பிடுகிறார், யார் எடுத்தார், யார் வைத்தார் என்னும் செய்திகளைச் சுமந்து செல்வதற்கு 'ஸிப்' என்று ஒரு பொது ஒழுங்கு உண்டு. 1999இல் முதலில் வெளியாகி, 2002இல் திருத்தி எழுதப்பட்டது அது.

காலையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் 'உள்ளேன் ஐயா' சொல்வதுபோல, ஒவ்வொரு டெலிபோனும் குறித்த நேரத்துக்கு ஒரு முறை தலைமைக் கம்ப்யூட்டரிடம் தன் பெயரையும் இருப்பிடத்தையும் பதிவு செய்துகொள்கிறது. ஒரு பெயருக்கு அழைப்பு வந்தால், பதிவேட்டைப் பார்த்து அந்த இருப்பிடத்துக்கு மணி அடிக்கும். விளக்கு எரியும் வித்தையும் இப்படித்தான். 'மானேஜர் டெலிபோனின் நிலை மாறும்போதெல்லாம் எனக்குச் சொல்' என்று காரியதரிசியின் டெலிபோன் சந்தாக் கட்டிவைக்கிறது, தலைமைக் கம்ப்யூட்டர் சொல்லியனுப்புகிறது, விளக்கு எரிகிறது. இதற்கான விதிகள் 2005இல் வெளியாயின. இரண்டு பேர் ஒரே நொடியில் ஒரே லைனைப் பிடிக்கப் பார்த்தால் யாருக்குக் கொடுப்பது என்ற வழக்கையும் தீர்க்கும் முழு விதித்தொகுப்பு 2015இல்தான் வந்தது. ஒரு கம்பி சும்மா செய்துகொண்டிருந்த காரியத்தை, கம்பி போனபிறகு எழுத்தில் வடிக்க இத்தனை ஆண்டுகள் பிடித்தன!

இந்தத் தலைமைக் கம்ப்யூட்டருக்கு உதாரணமாக 'ஆஸ்டெரிஸ்க்' என்னும் நிரலை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் அலபாமா ராஜ்யத்தில் மார்க் ஸ்பென்சர் என்ற இளைஞர் 1999இல் எழுதியது அது. அவர் நடத்திய சிறு கம்பெனிக்கு ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேண்டியிருந்தது. விலை கொடுத்து வாங்கக் கட்டுப்படியாகவில்லை. தாமே ஒன்றை எழுதினார். எழுதியதை ஊர்ச்சொத்தாக விட்டுவிட்டார். இன்று யாரும் அதை இலவசமாக எடுத்து உபயோகிக்கலாம்.

இதில் பொது டெலிபோன் அமைக்கப் பல வழிகள் உண்டு.

முதலாவது, பலர் நினைக்கும் சுலப வழி: இரண்டு மேஜைகளிலுள்ள கருவிகளுக்கும் ஒரே பெயரையும் ஒரே ரகசியச் சொல்லையும் கொடுத்துவிடுவது. ஆஸ்டெரிஸ்க்கின் பழைய முறையில், கடைசியாகப் பதிவு செய்த கருவி எதுவோ அதற்குத்தான் மணி அடிக்கும். முதலில் வந்தது ஊமையாகிவிடும். புதிய முறையில் ஒரு பெயருக்கு இத்தனை கருவிகள் என்று எண்ணிக்கை கொடுக்கலாம். ஆனால் யார் எடுத்தார், யார் பேசினார் என்று பிற்பாடு பிரித்துச் சொல்வது கஷ்டம்.

இரண்டாவது வழி, ஒவ்வொருவருக்கும் தனி எண் கொடுத்து, பொது எண்ணுக்கு வரும் அழைப்பை எல்லோருக்கும் பங்கிடுவது. எல்லாம் ஒருமிக்க அடிக்கலாம். வரிசைப்படி ஒவ்வொன்றாக அடிக்கலாம். வெகு நேரமாக அழைப்பு எதுவும் எடுக்காதவரைத் தேடிப் போய் அடிக்கலாம். அன்று குறைவாக எடுத்தவருக்கு அடிக்கலாம். ஒருமிக்க அடித்தால், மேலே சொன்ன ஆண்டிகள் மடம்தான். வரிசையாக அடித்தால் முதல் மேஜைக்காரர் பாடு திண்டாட்டம். அவரவர் முறை வைத்தால் சண்டை குறைவு. இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை யந்திரம் சொல்லாது; நிர்வாகிதான் சொல்ல வேண்டும்.

இதற்குத் துணையாக இரண்டு சௌகரியங்கள் உண்டு. பக்கத்து மேஜையில் ஆள் இல்லாமல் மணி அடித்தால், தம் இடத்திலிருந்தே நட்சத்திரக் குறியையும் எட்டையும் அழுத்தி அதை வாங்கிக்கொள்ளலாம். முன்கூட்டியே ஒரே குழுவில் சேர்க்கப்பட்டவர்களுக்கு மட்டுமே இந்த உரிமை. மற்றொன்று, பேசிக்கொண்டிருக்கும் அழைப்பைப் பொதுத் திண்ணையில் உட்கார வைப்பது. 700க்கு மாற்றினால், '701இல் இருக்கிறார்' என்று யந்திரம் சொல்லும்; வேறு அறையில் உள்ளவர் 701ஐச் சுழற்றி அவரை அழைத்துக்கொள்வார். வழக்கமான ஏற்பாட்டில் 45 வினாடிக்குள் யாரும் வராவிட்டால், உட்கார வைத்தவரிடமே அழைப்புத் திரும்பி வந்து மணி அடிக்கும். யந்திரத்துக்கு இருக்கும் இந்த நியாய புத்தி நம்மில் பலருக்கு இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

மூன்றாவது வழிதான் பழைய விளக்கு டெலிபோனின் நேர் வாரிசு. 2006இல் வெளிவந்த ஆஸ்டெரிஸ்க் பதிப்பில் இது சேர்ந்தது. லைன்கள் எவை, எந்தெந்த மேஜைக்கு எந்தெந்த லைன் என்று ஒரு சிறு கோப்பில் எழுதிவிட்டால், ஒவ்வொரு கருவியிலும் லைனுக்கொரு பொத்தானும் விளக்கும் கிடைத்துவிடும். அந்தக் கோப்பில் இரண்டு வரிகளை நேயர்கள் கவனிக்க வேண்டும். ஒன்று, ஒருவர் பேசிக்கொண்டிருக்கும் லைனில் இன்னொருவர் பொத்தானை அழுத்திப் புகலாமா என்பது. மற்றது, ஒருவர் நிறுத்திவைத்த அழைப்பை இன்னொருவர் எடுக்கலாமா என்பது. நிர்வாகி ஒன்றும் எழுதாமல் விட்டால், இரண்டுக்கும் 'ஆகலாம்' என்றே யந்திரம் எடுத்துக்கொள்கிறது!

வீட்டோடு சேர்ந்த சிறு கடைக்கு அது மிகவும் பொருத்தம். அண்ணன் பேச்சில் தம்பி புகுந்தால் குற்றமில்லை. ஆனால் ஒரு வைத்தியசாலையையோ, வக்கீல் காரியாலயத்தையோ, பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் அறையையோ எண்ணிப் பாருங்கள். தம் மகளின் வியாதியைப் பற்றித் தாழ்ந்த குரலில் பேசுகிற தாயார், தாம் ஒரு காதில் பேசுவதாக நம்புகிறார். அந்த நம்பிக்கையைக் காப்பதும் உடைப்பதும், நிர்வாகி எழுதிய அல்லது எழுத மறந்த ஒரே வரியில் இருக்கிறது. 'நமக்குள் ரகசியம் என்ன?' என்று அலுவலக நண்பர்கள் பெருந்தன்மையாகச் சொல்லலாம். ரகசியம் அவர்களுடையதல்ல, கூப்பிட்டவருடையது.

பொதுச் செய்திப் பெட்டியிலும் இதே சூட்சுமம் உண்டு. ஆள் இல்லாதபோது வந்த குரலை யந்திரம் பிடித்துவைக்கும். எல்லா மேஜையிலும் விளக்கு எரியும். ஐவரில் ஒருவர் கேட்டுவிட்டால் அந்தச் செய்தி 'பழையது' என்ற பெட்டிக்குப் போய்விடும். ஐந்து விளக்கும் அணைந்துவிடும். கேட்டவர் காபிக்குப் போய் மறந்துவிட்டாரானால், மற்ற நால்வருக்கும் செய்தி வந்ததே தெரியாது. இதற்கு மருந்து யந்திரத்தில் இல்லை. செய்தியைக் கேட்டவர் பெயர், நேரம், செய்த காரியம் என்று மூன்று கட்டம் போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான விஷயம். 2013 டிசம்பரில் அமெரிக்காவில் டெக்ஸாஸ் ராஜ்யத்தின் மார்ஷல் என்னும் ஊரில், விடுதி அறை ஒன்றில் கேரி ஹண்ட் என்ற பெண்மணி கொலை செய்யப்பட்டாள். ஒன்பது வயதான அவள் மகள், ஆபத்தில் 911ஐக் கூப்பிட வேண்டும் என்று பெரியவர்கள் கற்றுக்கொடுத்ததை மறக்கவில்லை. அறையிலிருந்த டெலிபோனில் நான்கு தடவை கூப்பிட்டாள். அழைப்புப் போகவில்லை. வெளி லைன் கிடைக்க முதலில் 9ஐ அழுத்த வேண்டும் என்ற ஏற்பாடு அந்த விடுதியில் இருந்தது. குழந்தைக்கு அது எப்படித் தெரியும்? அவள் செய்ததில் தவறே இல்லை. பெரியவர்கள் வைத்த ஏற்பாடுதான் தவறு.

அந்தப் பெண்மணியின் பெயராலேயே 2018 பிப்ரவரியில் சட்டம் ஒன்று நிறைவேறிற்று. 2020 பிப்ரவரி 16க்குப் பிறகு அந்நாட்டில் அமைக்கும் எந்தப் பல-லைன் டெலிபோன் அமைப்பிலும், முன்னெண் ஒன்றுமில்லாமல் 911 நேரே போக வேண்டும்; அப்படி யாராவது கூப்பிட்டால் முன்வாசல் மேஜைக்கோ வேறு பொறுப்பான இடத்துக்கோ தகவல் தரவும் வேண்டும். கூப்பிட்டவர் எந்த மாடி, எந்த அறை என்பதும் தெரியவேண்டும் என்று இன்னொரு சட்டம் அதே ஆண்டில் வந்தது. இணைய டெலிபோனுக்கு இது மிகவும் அவசியம். பழைய கருவி சுவரோடு கட்டுண்டு கிடந்தது. புதிய கருவியை ஒரு மேஜையிலிருந்து பிடுங்கி மற்றொரு மாடியில் செருகினாலும் அதே எண்ணோடு விழித்துக்கொள்ளும். ஆள் எங்கே என்று அதற்குத் தெரியாது.

நம் தேசத்தில் அவசர எண் 112. நம் காரியாலயத்துப் பொது டெலிபோனிலிருந்து அது முன்னெண் இல்லாமல் போகுமா என்று எத்தனை நிர்வாகிகள் விசாரித்திருக்கிறார்கள்? அமைத்துக் கொடுப்பவரிடம் முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டிய கேள்வி அது. கூடவே இன்னொன்றும் கேட்க வேண்டும். பழைய டெலிபோனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது. புதியதற்கு நம் கட்டடத்து மின்சாரம்தான். மின்சாரம் போனால், மின்கலச் சேமிப்பு இல்லாத டெலிபோன் மேஜை அலங்காரம்தான்.

ஆகையால், பொது டெலிபோன் அமைக்கும் நிர்வாகி கருவி வாங்குமுன் ஒரு தாளில் எழுதிவைக்க வேண்டியவை இவை: முதலில் எடுப்பது யார், அவர் இல்லாவிட்டால் யார்; எத்தனை மணிக்குப் பிறகு அழைப்பு எங்கே போகும்; பேச்சில் புகும் உரிமை யாருக்காவது உண்டா; செய்திப் பெட்டியைக் காலையில் திறப்பது யார்; கருவிக்குக் கருவி தனி ரகசியச் சொல் உண்டா; வேலையை விட்டுப் போனவரின் எண்ணை அன்றே நீக்குவது யார்; அவசர எண்ணைக் கடைசியாகச் சோதித்தது என்று. கடைசிக் கேள்விக்கு எதிரே தேதி இருக்கட்டும்.

பொதுச் சொத்து என்பதற்கு நாம் 'யாருடையதும் அல்லாதது' என்று பொருள் கொண்டு வெகுகாலமாகிறது. 'ஒவ்வொருவருடையதும்' என்பதே அதன் சரியான பொருள். மணி அடித்தவுடன் எழுந்து போய் எடுக்கிறவருக்கு அந்த அர்த்தம் தெரிந்திருக்கிறது.