‘டின்னவெல்லி சென்னா’: உலகச் சந்தையில் நம்ம ஊர் இலை... அதன் தரத்தை லேப் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

எடை குறைக்க உதவும் என்று விற்கப்படும் ‘டீடாக்ஸ் டீ’ பாக்கெட் ஏதாவது கையில் கிடைத்தால், பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். பல பாக்கெட்டுகளில் ‘சென்னா இலை’ என்று போட்டிருக்கும். உலக மூலிகைச் சந்தையில் இந்த இலையின் முக்கியமான ரகத்துக்குப் பெயர், ‘டின்னவெல்லி சென்னா’. டின்னவெல்லி என்றால் வேறு எதுவும் இல்லை, ஆங்கிலேயர் காலத்துத் திருநெல்வேலிதான்.

தாமிரபரணித் தண்ணீர் பாயும் வயலில் நெல்லும் வாழையும். அந்தத் தண்ணீர் எட்டாத மானாவாரி நிலத்தில் இந்தச் செடி. தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்தது 1986-ல்தான். அதற்கு முன் எல்லாமே திருநெல்வேலி என்பதால், துறைமுகம் வழியாகப் போன சரக்குக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இப்போது இந்த இலை ஐரோப்பாவில் ஒரு கேள்விக்கு முன்னால் நிற்கிறது.

ஐரோப்பாவில் என்ன பிரச்சினை?

சென்னா, கற்றாழை போன்ற சில தாவரங்களில் ‘ஹைட்ராக்ஸி ஆந்த்ரசீன்’ என்ற குடும்பத்தைச் சேர்ந்த வேதிப்பொருட்கள் இருக்கின்றன. அவற்றில் எமோடின், ஆலோ எமோடின் போன்ற சில, ஆய்வகச் சோதனைகளில் மரபணுவைப் பாதிப்பதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் சொன்னது. பாதுகாப்பான தினசரி அளவு இதுதான் என்று தன்னால் சொல்ல முடியவில்லை என்றும் கூறியது.

2021 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் விதியைத் திருத்தியது. உணவுப் பொருட்களில் எமோடின், ஆலோ எமோடின், இவை இருக்கும் கற்றாழைத் தயாரிப்புகள் ஆகியவற்றுக்குத் தடை. சென்னாவுக்குத் தடை இல்லை, ஆனால் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்தது. இது உணவுப் பொருட்கள், சப்ளிமென்ட்களுக்கான விதி, மருந்துகளுக்கு அல்ல. 2024 நவம்பரில் ஐரோப்பியப் பொது நீதிமன்றம் கற்றாழைத் தயாரிப்புகள் மீதான தடையை ரத்து செய்தது. விவாதம் இன்னும் ஓயவில்லை.

ஆக, ஒரே இலையில் மருந்தாக வேலை செய்யும் பொருளும் இருக்கிறது, சந்தேகத்துக்குரிய பொருளும் இருக்கலாம். எது எவ்வளவு? இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இங்கேதான் பகுப்பாய்வு வேதியியல் வருகிறது.

முதல் கேள்வி: இது எந்த இலை?

சாதாரணக் கேள்வி மாதிரி தெரியும். ஆனால் சென்னாவுக்குச் சித்த மருத்துவத்தில் நிலாவாரை என்று பெயர். தென் மாவட்ட விவசாயிகள் பலர் ‘அவுரி’ என்கிறார்கள். தலைமுடிக்கு நீலச் சாயம் தரும் இன்னொரு செடிக்கும் அவுரி என்றுதான் பெயர்! முடிக்குப் பூச வேண்டியதும் வயிற்றைக் கலக்குவதும் ஒரே பெயரில். பொடியாக்கிவிட்டால் இரண்டும் பச்சைதான்.

இதைப் பிரித்துக் காட்ட எளிய வழி டி.எல்.சி. என்ற மென்படலப் பிரிகை முறை. பள்ளியில் வடிதாளில் பேனா மையைத் தொட்டு, தண்ணீரில் நிறுத்தி, நிறங்கள் தனித்தனியாக ஏறுவதைப் பார்த்திருப்பீர்களே, அதே தத்துவம். இலைச் சாற்றை ஒரு தகட்டில் புள்ளியாக வைத்தால், அதிலுள்ள பொருட்கள் வெவ்வேறு உயரத்தில் பட்டைகளாக நிற்கும். ஒவ்வொரு மூலிகைக்கும் அந்தப் பட்டை வரிசை கைரேகை மாதிரி. பக்கத்திலேயே அசல் சரக்கை ஓட்டிப் பார்த்தால் கலப்படம் தெரிந்துவிடும்.

அடுத்த கேள்வி: எவ்வளவு இருக்கிறது?

சென்னாவில் வேலை செய்யும் முக்கியப் பொருட்கள் சென்னோசைடு ஏ, பி. இவற்றை 1941-ல் பிரித்தெடுத்தவர்கள் சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனத்தில் ஆர்தர் ஸ்டோல் தலைமையிலான குழுவினர். வயிற்றுக்குள் போனதும் இவை உடனே வேலை செய்யாது. பெருங்குடலில் உள்ள பாக்டீரியாக்கள் இவற்றை உடைத்த பிறகுதான் பலன். இரவில் சாப்பிட்டால் காலையில் வேலை செய்வது அதனால்தான்.

இவற்றை அளக்கும் கருவி எச்.பி.எல்.சி. இலைச் சாற்றை அதிக அழுத்தத்தில், நுண்துகள்கள் நிரம்பிய ஒரு குழாய் வழியாகச் செலுத்துவார்கள். ஒவ்வொரு பொருளும் வெவ்வேறு நேரத்தில் வெளியே வந்து, திரையில் ஒரு முகடாகப் பதியும். அளவு தெரிந்த சுத்தமான சென்னோசைடையும் அதே கருவியில் ஓட்டி, முகடுகளை ஒப்பிட்டால் சதவீதம் கிடைத்துவிடும்.

உலக சுகாதார அமைப்பின் மூலிகைத் தரக் குறிப்பு, சென்னா இலையில் இந்தக் குடும்பப் பொருட்கள் குறைந்தது 2.5% வேண்டும் என்கிறது. ஆலோ எமோடின் போன்றவற்றின் மிகச் சிறிய அளவைப் பிடிக்க, இதே கருவியோடு மூலக்கூறின் எடையைப் பார்க்கும் நிறைநிரல்மானியை இணைப்பார்கள். பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருந்தால்கூடக் காட்டிக்கொடுத்துவிடும்.

‘30 மருத்துவச் சேர்மங்கள் கண்டுபிடிப்பு’... நம்பலாமா?

மூலிகை பற்றிய செய்திகளில் அடிக்கடி வரும் இன்னொரு பெயர் ஜி.சி.-எம்.எஸ். ஆவியாகக்கூடிய பொருட்களைப் பிரித்து அடையாளம் காணும் கருவி இது. எலுமிச்சைப்புல், துளசி போன்ற வாசனை மூலிகைகளுக்கு அருமையான முறை.

ஆனால் சென்னோசைடு, சர்க்கரை மூலக்கூறுகள் ஒட்டிய கனமான பொருள். ஆவியாகாது. இந்தக் கருவியின் 250 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் சிதைந்துவிடும். அதாவது, சென்னா இலையை இதில் நேரடியாகச் சோதித்தால் முப்பது பெயர் கொண்ட பட்டியல் வரலாம், இலைக்குப் புகழ் தந்த பொருள் மட்டும் அதில் இருக்காது!

இன்னொரு சிக்கலும் உண்டு. கணினி தன் நூலகத்தில் இருக்கும் பதிவுகளோடு ஒப்பிட்டு, ‘இது போல் இருக்கிறது’ என்றுதான் பெயர் சொல்கிறது. பிளாஸ்டிக் பாத்திரத்திலிருந்து கலந்த தாலேட்டும், கருவியின் குழாயிலிருந்தே கசிந்த சிலிக்கான் பொருளும்கூடச் சில நேரம் ‘மூலிகைச் சேர்மம்’ ஆகிவிடுகின்றன. சுத்தமான மாதிரியோடு ஒப்பிட்டு உறுதி செய்யும் வரை அந்தப் பட்டியல் ஒரு துப்பு மட்டுமே.

விவசாயிக்கு இதில் என்ன?

இளம் இலையில் சென்னோசைடு அதிகம், முற்றிய இலையில் குறைவு. எப்போது பறித்தோம், நிழலில் காயவைத்தோமா, மழையில் நனைந்ததா என்பதெல்லாம் கடைசியில் அந்த ஒரு சதவீதத்தில் வந்து நிற்கும். வெளிநாட்டில் வாங்குபவர் கேட்பது அந்த எண்ணைத்தான். களத்தில் இலையைக் காயவைப்பவரிடம் இருப்பதோ கண்ணும் கையும் மட்டும். தன் சரக்கின் எண் தெரியாதவர் விலை பேச முடியாது.

மூலிகை ஆய்வு செய்யும் கல்வி நிறுவனங்கள் நெல்லைச் சீமையிலேயே இருக்கின்றன. பட்டியல் போடும் இன்னொரு கட்டுரையைவிட, விவசாயிகளின் சரக்கை மூட்டை மூட்டையாகச் சோதித்து எண்ணைக் கையில் கொடுப்பது இந்த ஊருக்கு அதிகம் பயன்படும்.

உங்களுக்கு?

சென்னா நிரூபிக்கப்பட்ட மலமிளக்கி. உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் ‘டீடாக்ஸ் டீ’ குடித்து மறுநாள் காலை எடைக் கருவியில் குறைவது கொழுப்பு இல்லை, தண்ணீரும் மலமும்தான். தொடர்ந்து குடித்தால் உடலில் பொட்டாசியம் குறையும் ஆபத்து உண்டு. ஒரு வாரத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்பதே ஐரோப்பிய மருந்து முகமையின் அறிவுரை.

அடுத்த முறை ‘ஆய்வகத்தில் நிரூபிக்கப்பட்டது’ என்று ஒரு மூலிகைப் பாக்கெட்டில் பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தப் பொருளை அளந்தீங்க? எந்தக் கருவியில்? இந்தப் பாக்கெட்டில் அது எவ்வளவு இருக்கு?